மேற்குப் பக்கப் படுக்கையறைக்கு அலபாஸ்டரா, சீ சோல்ட்டா?

அலைக்கரை:

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கமாக, மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு படுக்கையறைக்கு நிறம் தெரிவு செய்ய வேண்டும். ஷெர்வின் வில்லியம்ஸ் கம்பனியின் இரண்டு நிறங்களில் வந்து நிற்கிறோம். ஒன்று அலபாஸ்டர், நம்பர் 7008, கிரீம் சாடையான வெள்ளை. மற்றது சீ சோல்ட், நம்பர் 6204, சாம்பல் கலந்த இளம்பச்சை. பழைய சோனகத் தெருப் பெயின்ட் கடைகளில் விசாரித்தால், வேறு கம்பனிப் பெயின்டில் அதே நிறத்தை மெஷினில் கலந்து தரலாம் என்கிறார்கள்.

அறை 12 அடிக்கு 11 அடி, உயரம் ஒன்பதரை அடி. யன்னல் ஒன்றுதான், மேற்குச் சுவரில், 6 அடிக்கு 4 அடி. கதவு கிழக்குச் சுவரில். தரையில் செங்கபில ரைல்ஸ், சிலிங் வெள்ளை, கட்டிலும் அலுமாரியும் பலா மரம். நாலடி எல்.இ.டி. டியூப் இரண்டு இருக்கிறது, பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறது. சுவரில் இப்போது பீச் நிறம். யன்னலுக்குக் கீழே கொஞ்சம் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. பிள்ளைகள் இரவில் அங்கேதான் படிப்பார்கள்.

எந்த நிறம், எத்தனை லீற்றர், மினுக்கம் உள்ள சில்க்கா, மினுக்கமில்லாத மட்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல்:

தரை, மரம், பல்ப் எல்லாவற்றையும் எழுதியது மிகவும் உதவி. இவை தெரியாமல் நிறம் சொல்வது ஊகம்தான்.

முதலில் எல்.ஆர்.வி. என்ற எண்ணைப் பாருங்கள். விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கைச் சுவர் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் அது. அலபாஸ்டருக்கு 82, சீ சோல்ட்டுக்கு 63. கையட்டையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வெளிர் நிறங்களாகத்தான் படும், ஆனால் நான்கு சுவரையும் மூடும்போது இந்த 19 புள்ளி தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, இந்த நிறங்களின் திரை எண்கள், அதாவது கணினித் திரையில் ஒரு நிறத்தைக் காட்டச் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை கொடுக்கும் எண்கள். அலபாஸ்டர்: சிவப்பு 237, பச்சை 234, நீலம் 224. சீ சோல்ட்: சிவப்பு 205, பச்சை 210, நீலம் 202. சீ சோல்ட்டில் பச்சை சிவப்பை விட 5, நீலத்தை விட 8 மட்டுமே கூட. அதாவது அது கிட்டத்தட்ட ஒரு சாம்பல். பச்சை மிகக் குறைவாக இருப்பதால், விழும் வெளிச்சம் கொஞ்சம் நீலப் பக்கம் சாய்ந்தால் சுவர் நீலச் சாம்பலாகும், மஞ்சள் பக்கம் சாய்ந்தால் மணல் நிறமாகும். இணையத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அது ஒவ்வொரு நிறமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அலபாஸ்டரில் நீலம் பச்சையை விட 10, சிவப்பை விட 13 புள்ளி பின்தங்கி இருக்கிறது. அதனால் அது எந்த வெளிச்சத்திலும் மஞ்சள் பக்கத்திலேயே நிற்கும், கூடிக் குறையுமே தவிர நிறம் மாறாது.

என்னுடைய சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். செங்கபிலத் தரையும் பலா மரமும் உள்ள அறையில் கிரீம் சுவரும் சேர்ந்தால் எல்லாமே மஞ்சள், கபிலக் குடும்பமாகிவிடும். சீ சோல்ட் அந்த மரத்தை எடுத்துக் காட்டும். ஆனால் உங்கள் டியூப்போடு அது ஒத்துப்போகாது, 6500 கெல்வின் என்பது நீலச் சாய்வுள்ள வெள்ளை வெளிச்சம்.

ஒளிக்கணக்கு:

நெய்தல் அக்கா சொன்ன 19 புள்ளியை வெளிச்சமாக மாற்றிப் பார்ப்போம். சுவர் சுற்றளவு 46 அடி, உயரம் 9.5, மொத்தம் 437 சதுர அடி. யன்னல் 24, கதவு 21 கழித்தால் 392. சிலிங் 132, தரை 132. சிலிங் 85 வீதம், இந்தத் தரை ஏறத்தாழ 30 வீதம் திருப்பும் என்று வைத்துக்கொண்டால், வெற்றறையில் முழுச் சராசரி அலபாஸ்டருக்கு 68 வீதமும் சீ சோல்ட்டுக்கு 58 வீதமும் வரும். வெளிச்சம் சுவருக்குச் சுவர் பலமுறை மோதித் திரும்புவதால் இந்த 10 வீதம் பெருகும். ஒரே டியூப், ஒரே யன்னல் இருந்தும் சீ சோல்ட் அறையில் சுமார் கால்பங்கு வெளிச்சம் குறையும். அலுமாரியும் திரைச்சீலையும் வந்தபின் இரண்டு அறைகளும் கொஞ்சம் நெருங்கும், ஆனால் படிக்கும் மேசைக்குத் தனி விளக்கு வேண்டும் என்பது மாறாது.

அடுத்தது சூரியன். கொழும்பு ஏறத்தாழ வடக்கே 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் வடக்கே, மற்ற மாதங்களில் தெற்கே. வெளிநாட்டுத் தளங்களில் "வடக்கு அறைக்கு வெயிலே வராது, இதமான நிறம் அடியுங்கள்" என்று எழுதியிருப்பது இங்கே பொருந்தாது. ஜூனில் வடக்கு யன்னலுக்கும் இங்கே வெயில் வரும்.

உங்கள் மேற்கு யன்னலுக்கு ஆண்டு முழுவதும் பின்னேர வெயில் உண்டு. ஆனால் அது விழும் சுவர் மாறும். ஜூனில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 23 பாகை வடக்கே தள்ளி மறைகிறது, ஆகவே கதிர் தெற்குச் சுவரில் சாய்ந்து விழும். டிசம்பரில் வடக்குச் சுவரில் விழும். இரண்டு பக்கச் சுவர்களையும் ஒரே மாதத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

காலையில் உங்கள் அறைக்கு நேர் வெயிலே இல்லை. வருவது வானத்து வெளிச்சம் மட்டும், நல்ல நீலச் சாய்வு உள்ளது. பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் வருவது செம்மஞ்சள். ஆக அறைக்கு ஒரே நாளில் இரண்டு எதிரெதிர் வெளிச்சம்.

தூரிகைக்காரன்:

கணக்கெல்லாம் சரி தம்பி. சுவரில் நிற்பவன் பக்கமாக நான் சொல்லுறன்.

அலபாஸ்டர் மாதிரி ஓஃப் வைட் பொறுமையான நிறம். ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டு விட்டால் மறைந்துவிடும். சாம்பல் பச்சையில் தொட்டால் தேமல் மாதிரித் தெரியும், மூலையிலிருந்து மூலைக்கு ஒரு முழுச் சுவர் அடிக்க வேண்டி வரும். பிள்ளைகள் உள்ள அறை என்றால் இதை யோசிக்க வேண்டும்.

கலக்கும் விசயம் இன்னும் முக்கியம். நம்பரைச் சொன்னதும் மெஷினில் அடித்துத் தந்தால் அது இன்னொரு கம்பனியின் கணக்கை வைத்துச் செய்த கிட்டத்தட்ட நிறம்தான். கலர் சேர்க்க முன் இருக்கும் வெள்ளை பேஸ் கம்பனிக்குக் கம்பனி வேறு, கலர் திரவமும் வேறு. அசல் கலர் அட்டை ஒன்று கிடைத்தால் ஸ்கேன் பண்ணும் கருவி உள்ள கடைக்குக் கொண்டு போங்க. கிடைக்காவிட்டால் உள்ளூர்க் கம்பனியின் விசிறி அட்டையில் இரண்டுக்கும் கிட்டியதைத் தேடி எடுங்க. பெயரைத் துரத்த வேண்டாம். உள்ளூர் அட்டை நிறத்தை நாளைக்கும் அதே மாதிரி வாங்கலாம், ஸ்கேன் நிறத்தை வாங்க முடியாமல் போகலாம்.

ஓஃப் வைட்டில் ஒரு சிக்கல் உண்டு. அதற்குக் கலர் மிகக் கொஞ்சம்தான் போகும். பல மெஷின்களில் ஒரு ஷொட், அதாவது மெஷின் ஒரு தடவை விடும் கலர் திரவம், என்பது ஒரு அவுன்சின் 48இல் ஒரு பங்கு, அதாவது 0.6 மில்லிலீற்றர். ஒரு லீற்றர் டின்னில் அதில் பாதி கூடினாலே நிறம் மாறும். 10 லீற்றர் வாளியில் அதே பிழை தெரியாது. அதனால் சாம்பிளுக்கு ஒரு லீற்றர் அடித்துப் பார்த்துவிட்டு வாளி வாங்கும்போது கொஞ்சம் வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டு டின் வாங்கினால் இரண்டையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்க வேணும். பாதிச் சுவரில் முதல் டின் முடிந்து அடுத்த டின்னைத் திறப்பது கூடாத வேலை.

அலைக்கரை:

மிக்க நன்றி. மூன்று சுவர் அலபாஸ்டர், யன்னல் இருக்கும் சுவர் மட்டும் சீ சோல்ட் என்று அடித்தால் இரண்டையும் அனுபவிக்கலாம் என்று வீட்டில் ஒரு யோசனை. அப்படிச் செய்யலாமா?

ஒளிக்கணக்கு:

யன்னல் சுவரில் வேண்டாம். அந்தச் சுவருக்குத்தான் பகலில் மிகக் குறைந்த வெளிச்சம், ஏனென்றால் யன்னல் வழி வருவது எல்லாம் எதிர்ப்பக்கம் போகிறது. கண்ணுக்கு முன்னால் பளீரென்ற கடல்வானம், அதைச் சுற்றி இருண்ட சுவர் என்றால் கண் கூசும். யன்னலைச் சுற்றியுள்ள சுவர் எவ்வளவு வெளிறியிருக்கிறதோ அவ்வளவுக்குக் கூச்சம் குறையும். ஒரு சுவர் மட்டும் வேறு நிறம் என்றால் எதிரே இருக்கும் கிழக்குச் சுவரில் அடியுங்கள். வெளிச்சம் நேராகப் படும் சுவர் அது.

சுண்ணச்சுவர்:

நிறத்தைப் பிறகு பார்ப்போம். யன்னலுக்குக் கீழே வெள்ளைத் தூள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை யாரும் கவனிக்கவில்லை. அதைத் தீர்க்காமல் எந்த நிறம் அடித்தாலும் அடுத்த தென்மேல் பருவமழைக்குப் பொரிந்து விழும்.

தூள் என்பது உப்பு. வெளிச்சுவரில் புகுந்த நீர், சீமெந்துப் பூச்சில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு உட்பக்கம் வருகிறது. நீர் காய்கிறது, உப்பு நிற்கிறது. கடலோரம் என்பதால் காற்றில் வரும் உப்பும் சேரும். நீர் வரும் வழி அநேகமாக யன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பு. அலுமினியச் சட்டத்துக்கும் சீமெந்துக்கும் இடையில் அடைத்த சிலிக்கோன் பிளந்திருக்கும், அல்லது வெளிப்பக்கப் படி வெளியே சரியாமல் உள்ளே சரிந்திருக்கும்.

முதலில் ஒரு சோதனை. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டை அந்த இடத்தில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். 16 மணி நேரமாவது விடுங்கள், ஒரு முழு நாள் என்றால் நல்லது. பொலித்தீனின் சுவர்ப் பக்கம் நீர் துளிர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் துளிர்த்தால் அது அறைக்காற்றின் ஈரம், ஏ.சி. போட்ட அறைகளில் அப்படி நடக்கும். முந்தியது என்றால் பெயின்ட் வாங்கப் போக வேண்டாம்.

தூளை நீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து, கீழே விழுவதைக் கூட்டி வெளியே எறியுங்கள். கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி இருந்தால் அது பூஞ்சணம், அதற்கு வேறு வைத்தியம்: வீட்டில் பாவிக்கும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, 10 முதல் 15 நிமிடம் ஊறவிட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். யன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். அந்த நேரத்தில் ரொய்லெட் கழுவும் அசிட்டோ அமோனியா கலந்த எதுவுமோ அருகில் வரக் கூடாது. பிளீச்சோடு கலந்தால் நச்சு வாயு வரும்.

அலைக்கரை:

பொலித்தீன் ஒட்டி ஒரு நாள் விட்டேன். சுவர்ப் பக்கம்தான் நனைந்திருக்கிறது. வெளியே எட்டிப் பார்த்தால் சட்டத்தின் கீழ் மூலையில் சிலிக்கோன் பிளந்து கிடக்கிறது.

சுண்ணச்சுவர்:

அப்போது வழி தெரிந்துவிட்டது. பழைய சிலிக்கோனை முழுவதும் சுரண்டி எடுங்கள். பழையதன் மேல் புதியது ஒட்டாது. சீமெந்து நன்றாகக் காய்ந்த பிறகு வெளிப்பாவனைக்கான, பூஞ்சணம் பிடிக்காத நியூட்ரல் வகைச் சிலிக்கோன் போடுங்கள். வினாகிரி மணம் வருகிற வகை சீமெந்துக்குச் சரிவராது. மூன்றாம் மாடியில் வெளியே சாய்ந்து நின்று யாரும் இதைச் செய்ய வேண்டாம், கட்டட நிர்வாகத்திடம் சொல்லிக் கயிறு கட்டி வேலை செய்பவர்களைக் கொண்டு செய்யுங்கள்.

உள்ளே, தூள் பூத்த இடத்தில் பெயின்டையும் தளர்ந்த புட்டியையும் பூச்சு தெரியும்வரை சுரண்டுங்கள். அந்த இடத்தை அப்படியே திறந்து விட்டுக் காத்திருங்கள். ஃபேன் ஓடினால் நல்லது. இரண்டு, மூன்று கிழமைக்குப் பிறகு அதே பொலித்தீன் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். உலர்ந்திருந்தால்தான் மேலே போக வேண்டும். பூச்சைப் புதிதாகப் போட வேண்டி வந்தால் 28 நாள் கணக்கு. புதுச் சீமெந்தின் காரம் சில நிறங்களைச் சாப்பிட்டுவிடும்.

நெய்தல்:

அந்தக் காத்திருக்கும் நாட்கள் நிறம் பார்ப்பதற்குச் சரியான நேரம். தயவுசெய்து பீச் சுவரில் நேரடியாக இரண்டு சதுரம் அடித்துப் பார்க்காதீர்கள். பீச்சுக்குப் பக்கத்தில் எந்தப் பச்சையும் இருப்பதை விடப் பச்சையாகத் தெரியும், கிரீம் அழுக்கு வெள்ளையாகத் தெரியும். இரண்டடிச் சதுரமான ஹார்ட்போர்ட் பலகை இரண்டு எடுங்கள். முதலில் வெள்ளை பிரைமர், பிறகு நிறம் இரண்டு கோட். ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விடுங்கள், அது பழைய சுவரிலிருந்து நிறத்தைப் பிரித்து வைக்கும். ஓர் இரவு காயவிட்ட பிறகே பாருங்கள். ஈர எமல்ஷனும் காய்ந்த எமல்ஷனும் ஒரே நிறமில்லை.

பலகையைக் கிழக்குச் சுவரில் ஒருமுறை, யன்னலுக்குப் பக்கத்தில் ஒருமுறை, தரையோடு சேர்த்து ஒருமுறை வைத்துப் பாருங்கள். தரையோடு வைப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். செங்கபில ரைல்ஸில் வெயில் பட்டால் செம்மை மேலே எழும்பிச் சுவரின் கீழ் மூன்றடியில் விழும். பச்சையின் மேல் செம்மை விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துச் சாம்பலாகும். கிரீமின் மேல் விழுந்தால் பீச் ஆகும், நீங்கள் மாற்ற நினைக்கும் அதே பீச்.

ஒரு நேரத்தில் ஒரு பலகையை மட்டும் வையுங்கள். காலை ஏழு மணி, நண்பகல், பின்னேரம் ஐந்து மணி, இரவு. கைபேசியில் படம் எடுத்து ஒப்பிட வேண்டாம். கமெரா தானாகவே வெள்ளையைத் திருத்திக்கொள்ளும், நீலச் சாய்வும் மஞ்சள் சாய்வும் படத்தில் அழிந்து போகும்.

ஒளிக்கணக்கு:

இரவுச் சோதனைக்கு மூன்று நிறம் மாறும் எல்.இ.டி. பல்ப் ஒன்று வாங்குங்கள், ஆளியை அணைத்துப் போட்டால் 3000, 4000, 6500 கெல்வின் என்று மாறுவது. எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். டியூப்பை அணைத்துவிட்டு மூன்றிலும் இரண்டு பலகையையும் பாருங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண், அதாவது பல்ப் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, இருந்தால் 80க்குக் குறைந்ததை எடுக்காதீர்கள், 90 கிடைத்தால் விடாதீர்கள். அந்த எண் குறைந்த பல்ப்பில் பலா மரம் செத்த நிறமாகத் தெரியும், பழி பெயின்டுக்கு வரும்.

அலைக்கரை:

பலகை இரண்டும் செய்து பார்த்தோம். விசிறி அட்டையில் கிட்டிய நிறங்களைத்தான் எடுத்தோம்.

காலையில் பச்சை, நீலச் சாம்பலாக இருக்கிறது, கிரீம் மிக அழகு. நண்பகலில் இரண்டும் நல்லம். ஐந்து மணிக்குக் கிரீம் நல்ல மஞ்சள், தரைப் பக்கம் நெய்தல் அக்கா சொன்ன மாதிரி பீச். பச்சை அப்போதுதான் மிக அமைதியாக இருக்கிறது. இரவில் 6500இல் பச்சை ஆஸ்பத்திரிச் சுவர்தான், சந்தேகமே இல்லை. 3000இல் இரண்டும் மங்கல். 4000இல் இரண்டும் நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் பச்சை பிடித்திருக்கிறது, ஆனால் அறை கொஞ்சம் இருண்டுவிடுமோ என்று பயம்.

நெய்தல்:

அப்படியென்றால் அதே பச்சையைப் பாதிச் செறிவில் அடிக்கச் சொல்லுங்கள். கலர் திரவம் பாதி, பேஸ் முழுதாக. நான்கு சுவரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் அறையில் நிறம் பலகையில் தெரிவதை விட ஒரு படி செறிவாகவே வரும். பாதியாக்கினாலும் அறைக்குள் பச்சை தெரியும்.

ஒளிக்கணக்கு:

நிறமியைப் பாதியாக்கினால் எல்.ஆர்.வி. 63இலிருந்து 70ஐச் சற்றுத் தாண்டும் என்று கணக்கு வருகிறது. அப்போது கிரீமோடு ஒப்பிடும்போது வெளிச்ச இழப்பு கால்பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்காகக் குறையும். டியூப்பை 4000க்கு மாற்றி, படிக்கும் மேசைக்கு ஒரு விளக்கு வைத்தால் போதும்.

தூரிகைக்காரன்:

பாதிச் செறிவு நல்ல யோசனைதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. கலவையில் நாலு திரவம் போகிறது என்றால் அதில் ஒன்று ஏற்கெனவே ஒரே ஷொட்டாக இருக்கும். ஒரு லீற்றரில் அதைப் பாதியாக்க மெஷினுக்கு முடியாவிட்டால் ஒன்று விட்டுவிடும், அல்லது முழுதாகப் போடும். கறுப்பு விடுபட்டால் புதினாப் பச்சை வரும். 4 லீற்றர் டின்னில்தான் பாதி அடிக்கச் சொல்லுங்க. முதல் டின்னைத் திறந்து பலகையில் தேய்த்துப் பார்த்துவிட்டு இரண்டாவதைக் கலக்கச் சொல்லுங்க. இல்லையென்றால் விசிறி அட்டையின் அதே பட்டையில் ஒரு படி மேலே உள்ள வெளிறிய நிறத்தை எடுங்க. எனக்கென்றால் அதுதான் பாதுகாப்பு. பிறகு வாங்கப் போனாலும் நம்பர் இருக்கும்.

அளவு: 392 சதுர அடிக்கு, சீலர் என்ற அடிப்பூச்சு அடித்த சமமான சுவரில் ஒரு லீற்றருக்கு ஒரு கோட் 100 முதல் 110 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்க. டின்னில் அதை விடக் கூடப் போட்டிருப்பார்கள், அது சோதனைச்சாலைச் சுவர். ஒரு கோட்டுக்கு 3.7 லீற்றர், இரண்டு கோட்டுக்கு ஏழரை. 4 லீற்றர் டின் இரண்டு, அரை லீற்றர் மிஞ்சும். சீலர் 4 லீற்றர் ஒன்று. கீழே பீச் இருப்பதால் சீலர் வெள்ளையாக, காரம் தாங்குவதாக இருக்க வேணும். வெள்ளைச் சீலரை மிச்சம் பிடித்தால் பிறகு மூன்றாவது கோட்டுக்கு விலை கூடிய பெயின்டைத்தான் கொட்ட வேண்டி வரும்.

முதல் கோட்டுக்கு டின்னில் சொன்ன அளவு தண்ணீர்தான், அநேகமாக 10 வீதத்துக்குள். பெயின்ட் பாஸ் சிலர் ஓடட்டும் என்று நீர் கூட்டுவார்கள். அப்படிச் செய்தால் மூடும் சக்தி போகும், காய்ந்தபின் கை வைத்தால் மாவு ஒட்டும். 9 அங்குல ரோலர், நடுத்தர மயிர். மூலைகளை இரண்டரை அங்குலப் பிரஷ்ஷால் வெட்டியதும், அது காய முன் ரோலர் அந்த ஓரத்தைப் பிடிக்க வேணும். நாலு சுவரையும் முதலில் பிரஷ்ஷால் வெட்டி முடித்துவிட்டுப் பிறகு ரோலர் எடுத்தால் சுற்றிலும் சட்டம் போட்ட மாதிரி ஒரு கோடு தெரியும். வெள்ளையில் அது தெரியாது, இந்தப் பச்சையில் தெரியும்.

கோட்டுக்குக் கோட் இரண்டு மணி நேரம் என்று டின்னில் இருக்கும். மழை நாளில் நாலு, ஐந்து மணி நேரம் விடுங்க. அவசரப்பட்டால் ரோலர் முதல் கோட்டை உரித்துக்கொண்டு வரும்.

நெய்தல்:

சில்க்கா மட்டா என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. மேற்கு யன்னல் உள்ள அறையில் பின்னேர வெயில் வடக்கு, தெற்குச் சுவர்களில் படுத்த கோணத்தில் வழுக்கிப் போகும். அந்த நேரத்தில் சில்க் பூச்சு ஒவ்வொரு புட்டித் திட்டையும் ரோலர் தடத்தையும் காட்டும். மட் அவற்றை விழுங்கும். ஆனால் சாதாரண மட்டில் விரல் அழுக்கைத் தேய்த்தால் அந்த இடம் பளபளக்கும். கழுவக்கூடிய மட் என்று ஒரு தரம் மேலே கிடைக்கிறது, இந்த அறைக்கு அதை எடுங்கள். சில்க் பூச்சுதான் வேண்டும் என்றால் அந்த இரண்டு சுவருக்கும் புட்டி முழுவதும் இழுத்து, கைவிளக்கைச் சுவரோடு பிடித்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும்.

சிலிங்கை வெள்ளையாகவே விடலாம். இந்தப் பச்சைக்குப் பக்கத்தில் தூய வெள்ளை ஒத்துப்போகும், வெள்ளை ஆளித் தட்டுகளும் உறுத்தாது. கிரீம் எடுத்திருந்தால் சிலிங்கையும் மாற்ற வேண்டி வந்திருக்கும்.

சுண்ணச்சுவர்:

இரண்டு எச்சரிக்கை. பழைய பீச் பெயின்டை ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் நிறைய வந்தால் அது டிஸ்டெம்பர், கழுவி எடுக்காமல் மேலே எதுவும் நிற்காது. மற்றது, கதவு நிலையில் பழைய எனாமல் இருந்தால் காய்ந்த நிலையில் அரத்தாள் போடாதீர்கள், நனைத்துத் தேய்த்து, வந்த சேற்றைத் துணியால் எடுங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும், பிள்ளைகள் படுக்கும் அறை.

கொட்டாஞ்சேனை13:

இடையில் ஒரு கேள்வி. இதே மாதிரிப் பச்சை அடித்த சுவரில் ஒரு கிழமைக்குப் பிறகு கபில நிறத்தில் வழிந்த மாதிரிக் கோடுகள் வந்திருக்கின்றன. பெயின்ட் பிழையா?

தூரிகைக்காரன்:

தொட்டால் பிசுபிசுக்கிறதா? அப்படியென்றால் பெயின்டுக்குள் இருக்கும் சோப்பு மாதிரிப் பொருள் மேலே வந்திருக்கிறது. முழுதாகக் காய முன் ஈரக்காற்றோ குளியலறை ஆவியோ பட்டால் வரும். கலர் செறிந்த பெயின்டில் அதிகமாகத் தெரியும். வெறும் தண்ணீர் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்க, திரும்ப வந்தால் திரும்பத் துடையுங்க, பிறகு நின்றுவிடும். அதன் மேல் இன்னொரு கோட் அடித்தால் நிற்காது.

அலைக்கரை:

சட்டியில் இருந்தவற்றை எல்லாம் எடுத்துத் தந்துவிட்டீர்கள். முடிவு இது: சிலிக்கோன் வேலை முடிந்து, பொலித்தீன் சோதனை சரிவந்த பிறகு, அட்டையில் ஒரு படி வெளிறிய பச்சை நான்கு சுவருக்கும், கழுவக்கூடிய மட், சிலிங் வெள்ளை, டியூப் இரண்டும் 4000. கடைசியாக ஒன்று: மிஞ்சும் அரை லீற்றரை எப்படி வைப்பது? 4 லீற்றர் டின்னிலேயே வைக்கலாமா?

தூரிகைக்காரன்:

பெரிய டின்னில் அரை லீற்றர் கிடந்தால் மேலே உள்ள காற்றில் தோல் கட்டும், இங்கத்தைய வெக்கையில் புளித்து நாறும். வாய் இறுக்கமான அரை லீற்றர் கண்ணாடிப் போத்தலில் விளிம்பு வரை ஊற்றுங்க. மூடிக்குக் கீழே பொலித்தீன் துண்டு வைத்து இறுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்க. டின் மூடியில் கடைக்காரர் ஒட்டிய கலவைச் சீட்டை உரித்துப் போத்தலில் ஒட்டி, பூச்சின் பெயர், பேஸ், திகதி மூன்றையும் எழுதுங்க. தொட்டுவிட வேண்டி வந்தால் வடிகட்டி, பிரஷ்ஷால் அடிக்காமல் நாலு அங்குல ரோலரால் மெல்லிசாகத் தட்டி விடுங்க. சுவர் ரோலரால் அடித்தது, அதில் பிரஷ் தடம் நிறம் ஒத்திருந்தாலும் வேறாகத்தான் தெரியும்.